தோட்டத்துப் புத்தகங்களுக்கு எண் போட்ட அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் வாசிப்பறை தொடங்கினோம். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் புத்தகங்களை அவர் குடும்பம் கொடுத்திருந்தது. அடுக்க ஆரம்பிக்கும் முன், பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவரிடம் கேட்டேன். "அலமாரி அப்புறம். முதலில் எந்த முறையில் வகைபிரிச்சு எண் போடப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க" என்றார்.

பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பகுப்புமுறைதான். எழுத்தும் எண்ணும் சேர்ந்து வரும். தமிழ் எழுத்தாளர்களின் படைப்புகள் பி.எல். 4758.9-இல் நிற்கும். எங்கள் அளவுக்கு 1876-இல் வந்த, துறைக்குத் துறை எண் கொடுத்து நூல்களைப் பிரிக்கும் டியூயி முறையே போதும் என்று எடுத்துக்கொண்டோம்.

அதில்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. டியூயி ஒரு பொருளைப் பற்றிய எல்லாப் புத்தகங்களையும் ஓரிடத்தில் வைப்பதில்லை; எந்தத் துறையின் பார்வையில் எழுதியது என்றுதான் பார்க்கிறது. ரப்பர் பயிரிடுவது 633.8952. தொழிற்சங்கம் 331.88. மலேசிய வரலாறு 959.5. ரப்பர் தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும் தமிழ் நாவல் 894.8113. ஒரே பால்மரக் (ரப்பர்) காட்டைப் பற்றிய நூல்கள் நான்கு மூலைக்குப் போய்விடுகின்றன! எங்கள் ஊர்ப் பிள்ளை "தோட்டம்" என்று தேடி வந்தால் என்ன செய்வது? எண்ணை மாற்றவில்லை. நூல் பட்டியலில் "தோட்டம்" என்ற தலைப்பின் கீழ் நான்கு இடத்து நூல்களையும் சேர்த்துப் பதிந்தோம். புத்தகத்துக்கு அலமாரியில் ஓர் இடம்தான். பட்டியலில் எத்தனை இடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். இதற்குச் செலவழித்த நேரம் வீண் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

தமிழ் இலக்கியம் எல்லாமே 894.811 என்று தொடங்குவதால் நூலின் முதுகில் ஒட்டும் சீட்டில் அதைச் சுருக்கி, த1 கவிதை, த2 நாடகம், த3 நாவலும் சிறுகதையும் என்று வைத்தோம். உள்ளூர் மொழிக்கு இப்படி எழுத்தைப் பயன்படுத்த டியூயி முறையிலேயே இடமுண்டு. அதன்பின் ஆசிரியர் பெயர் வரிசை. தலைப்பெழுத்தை விட்டுவிட்டு சொந்தப் பெயரின் முதலெழுத்தைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பா பெயரில் தேட வேண்டிவரும்.

உதவிக்கு வந்த ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்களுக்குப் புள்ளிக்குப் பின் வரும் எண்கள்தான் குழப்பம். 331.9-க்கு முன்னால்தான் 331.88 வரும். புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாகப் படியுங்கள் என்றதும் சரியாகிவிட்டது.

ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் காலியிடம் விட்டிருக்கிறோம், புதிய நூல் நடுவிலும் நுழையும் என்பதால். படித்ததை மேசையில் வைத்துவிட்டால் போதும், நாங்களே அடுக்குகிறோம். கும்பாபிஷேக மலர்களும் பள்ளி ஆண்டு மலர்களும் ஒரு பெட்டி நிறைய மிச்சம். ஆசிரியர் பெயர் இல்லாத அவற்றை ஊர் வாரியாகப் பிரித்து, ஆண்டு வரிசையில் அடுக்கப்போகிறோம்.