அத்தை சேத்து வச்ச துண்டுச் சீட்டுங்க

2009 மே மாசம் இலங்கை வன்னியில என் மனைவியோட அண்ணன சீருடையில இருந்தவங்க அத்தை கண்ணு முன்னாடியே பஸ்ல ஏத்திட்டுப் போனாங்க, அதோட சரி, இன்னைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்ல. அத்தை இப்ப எங்களோட திருவையாத்துல இருக்காங்க. வெளிநாட்டு கோர்ட்ல நியாயம் கேக்க முடியுமான்னு நாங்க ஃபைல் தயார் பண்ணின அனுபவத்த எழுதுறேன், திருச்சி பக்கம் முகாம்ல இருக்கவங்க யாருக்காவது உதவும்.

இப்படி ஆளப் பிடிச்சுட்டுப் போய் எங்கன்னு சொல்லாம மறைக்கிறதத்தான் காணாமலாக்கல்னு சொல்றாங்க. இந்தியா அதுக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்துல 2007லயே கையெழுத்து போட்டுச்சு, ஆனா இன்னும் உறுதி செய்யல. அதனால இங்க வழி இல்ல. குற்றம் எங்க நடந்தாலும், செஞ்சவன் எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் நாங்க விசாரிப்போம்னு ஜெர்மனி 2002ல சட்டம் போட்டுருக்கு. சிரியா உளவுத்துறையில அதிகாரியா இருந்த அன்வர் ரஸ்லானுக்கு 2022 ஜனவரியில கோப்ளென்ஸ் கோர்ட் ஆயுள் தண்டனை குடுத்தது அந்தச் சட்டத்துலதான். ஆனா காணாமலாக்குனத அதுல தனிக் குற்றமா சேக்கல, பாதிக்கப்பட்டவங்க வக்கீலுங்க கேட்டும் சேக்கல, எனக்கு அத படிச்சப்ப மனசே ஆறல.

குடும்பம் போய் விசாரிச்சு, ஆளப் பிடிச்ச தரப்பு தகவல் தர மறுத்திருக்கணும்னு அந்த ஜெர்மனி சட்டத்துல ஒரு நிபந்தனை இருந்துச்சு. 2024லதான் எடுத்தாங்க. நம்ம விஷயம் 2009ல ஆரம்பிச்சது, பழைய நிபந்தனைக்கும் பதில் கையில இருக்கட்டும்னு எங்க வக்கீல் சொன்னார். ஆளப் பிடிச்சது பாதி குற்றம்னா, எங்ககிட்ட இல்லவே இல்லன்னு மறைச்சது மீதி. அத்தை ஒவ்வொரு ஆபீஸ் வாசல்லயும் நின்னு வாங்கின ரசீது, மனு நகல், "பதிவில் இல்லை"ன்னு வந்த கடுதாசி எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல இருந்துச்சு, எல்லாமே சாட்சின்னு அன்னைக்குத்தான் எங்களுக்குப் புரிஞ்சுது. தஞ்சாவூர் ஜெராக்ஸ் கடைக்காரர் பழைய தாளா இருக்கே லேமினேஷன் போட்டுருவோம்னார், வேணாம்னு சொல்லிட்டு ரெண்டு பக்கமும் ஸ்கேன் மட்டும் எடுத்தோம், ஒரிஜினல் அப்படியே இருக்கணும்.

வாக்குமூலம் வீடியோ கால்ல நடந்துச்சு. பஸ் என்ன கலர், பேர் கூப்பிட்டது யாரு, சட்டையில என்ன அடையாளம், கூட ஏறினது யார் யாருன்னு கேள்வி. அத்தை அழுதுக்கிட்டேதான் சொன்னாங்க, ஆனா ரொம்ப தெளிவு. "நான் கண்டது இவ்வளவுதான் தம்பி, மிச்சம் சனம் சொன்னது, அதைத் தனியா எழுதுங்கோ"ன்னாங்க. வக்கீலுக்கு அந்த ஒரு வரி ரொம்ப பெருசு, கண்டதையும் கேட்டதையும் கலந்துட்டா எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில உடைச்சிரும்.

இன்னொன்னும் தெரிஞ்சுக்கணும், ஜெர்மனியில குற்றவாளி நேர்ல இல்லாம விசாரணை நடத்த மாட்டாங்க. பிரான்ஸ் நடத்தும். 2024 மே மாசம் பாரிஸ் கோர்ட் டப்பாக்ங்கிற அப்பா, மகன் விஷயத்துல சிரியா அதிகாரிங்க மூணு பேருக்கு அப்படித்தான் ஆயுள் குடுத்துச்சு, காணாமப்போன அந்த அப்பா, மகன் ரெண்டு பேருக்கும் பிரெஞ்சு குடியுரிமையும் இருந்துச்சு, அதனாலதான் பிரான்ஸ் எடுத்துச்சு. நமக்கு அது இல்ல. அதனால சம்பந்தப்பட்ட அதிகாரி யாராவது ஜெர்மனி மாதிரி நாட்டுல கால வைக்கணும், அதுவரைக்கும் ஃபைல் தயாரா இருக்கணும்.

ஜெனிவாவுல 1980ல இருந்து இருக்கிற ஐ.நா. காணாமலாக்கல் குழுவுக்கும் தனியா எழுதினோம், காசு கிடையாது, குடும்பமே எழுதலாம். அவங்க யாரையும் தண்டிக்க முடியாது, இலங்கை அரசாங்கத்துக்கிட்ட ஆள் எங்கன்னு கேப்பாங்க. வர்ற பதிலும் நம்ம ஃபைல்ல சேரும். இத ஆரம்பிக்கிறவங்க மொதல்ல வீட்டுல இருக்க சீட்டையெல்லாம் தேதி வாரியா அடுக்குங்க, வக்கீல அப்புறம் தேடிக்கலாம்.