ஆடியில் ஒரு மென்பொருள் மாற்றம்

18 ஜூலை 2025, வெள்ளி

ஆடி பிறந்தாயிற்று. ஆவணி வரை கல்யாண ஆர்டர் கிடையாது. இதுவரை வைத்திருந்த லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளை மாற்ற இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது.

மாதச் சந்தா கட்டுப்படியாகவில்லை என்பது பாதிக் காரணம். ஆடியிலும் மார்கழியிலும் கேமரா பைக்குள்ளேயே கிடக்கிறது, சந்தா மட்டும் ஓடுகிறது. மீதிக் காரணம், சந்தா நின்றால் பழைய படங்களைப் பார்க்கலாம், திருத்த முடியாது. "நம்ம கல்யாண போட்டோ ஒண்ணு பெருசா வேணும்ண்ணே" என்று வருஷம் கழித்து வருகிறவர்கள் எனக்கு நிறைய.

21 ஜூலை

ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிவிட்டால் நிம்மதி என்கிறார் நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆப்பிளின் அப்பர்ச்சர் என்ற எடிட்டிங் மென்பொருளையும் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். 2014-ல் நிறுத்தப்போவதாக ஆப்பிள் அறிவித்துவிட்டது. அஃபினிட்டி நல்ல மென்பொருள்தான், ஆனால் 2024-ல் கான்வா நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கிறது. பொறுத்துப் பார்க்கலாம்.

மிச்சம் ராதெரபியும் டார்க்டேபிளும். இரண்டும் இலவசம், மூலநிரல் திறந்தது. ராதெரபியில் நுணுக்கம் அருமையாக வருகிறது, பட்டு ஜரிகை இழை இழையாகத் தெரிகிறது. ஆனால் ஒரு கல்யாணத்தின் ஆயிரக்கணக்கான படங்களில் வேண்டாதவற்றைக் கழித்துக் கட்ட டார்க்டேபிள்தான் தோது. ஜூனில் வந்த 5.2 பதிப்பைப் போட்டாயிற்று.

24 ஜூலை

புதியதைக் கற்பதற்கு முன் பழையதிலிருந்து நம் வேலையை வெளியே எடுக்க வேண்டும். நட்சத்திரம், குறிச்சொல், கிராப் எல்லாம் லைட்ரூமின் பதிவேடான கேட்டலாகுக்குள் கிடக்கின்றன. மொத்தமாகத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் கேமராவின் மூலப் படமான ஒவ்வொரு ரா ஃபைலுக்கும் பக்கத்தில், இவற்றைக் குறித்து வைக்கும் ஒரு எக்ஸ்எம்பி ஃபைல் உட்காருகிறது. அதை டார்க்டேபிள் படிக்கிறது. நட்சத்திரமும் கிராப்பும் சரியாக வந்தன. வண்ணத் திருத்தங்கள் உத்தேசமாகத்தான். இரண்டின் கணக்கும் வேறு, அது அப்படித்தான் இருக்கும்.

ஆகவே முடிந்துபோன ஆல்பங்களை முழு அளவு ஜேபெக்காகவே எடுத்து வைக்கிறேன். அட்டைப்படங்கள் மட்டும் தரம் குறையாத 16 பிட் டிஃப் ஃபைல். 24 மெகாபிக்சல் படம் ஒன்றே டிஃப்பில் 144 எம்பி பிடிக்கிறது, எல்லாவற்றையும் அப்படி வைக்க ஹார்ட் டிஸ்க் ஏது?

1 ஆகஸ்ட்

பழைய ரிசப்ஷன் படம் ஒன்று, மேடையில் ஊதா எல்இடி. இந்த விளக்கைக் கண்டுபிடித்தவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பெண்ணின் கன்னத்தில் நீலச் சானல் (படத்தின் நீல நிறப் பங்கு) நிரம்பி, தோலின் தன்மையே இல்லாமல் திட்டுத்திட்டாக நிற்கும். பழைய வழக்கப்படி சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, குறைத்தால் அந்த இடம் சாம்பல் பூத்துவிடும்.

டார்க்டேபிளில் வரிசை வேறு. முதலில் எக்ஸ்போஷரில் முகத்துக்கு வேண்டிய வெளிச்சம். பின்னாலிருக்கும் திரை வெளுத்தால் கவலையில்லை, அதைக் கடைசியில் சிக்மாய்ட் என்ற கருவி அடக்கிக்கொள்ளும். அப்புறம் கலர் கேலிபிரேஷனில், எல்லை மீறிய நிறத்தை உள்ளே இழுக்கும் கேமட் கம்ப்ரெஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். திட்டு கரைந்து கன்னத்தின் வளைவு திரும்பி வந்தது. ஊதா போகவில்லை, போகவும் வேண்டாம். மேடையில் ஊதாதானே அடித்தது.

வெள்ளை எது என்று மென்பொருளுக்குக் காட்ட மாப்பிள்ளையின் வேட்டியில் பிக்கரை வைக்கலாமா என்று பார்த்தேன். சொட்டு நீலம் போட்ட வேட்டி, படம் முழுக்க மஞ்சளடித்துவிட்டது. நிறச் சாய்வில்லாத சாம்பல் அட்டையே கதி.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

10 ஆகஸ்ட்

தம்பிக்குக் கற்றுக்கொடுக்கும் படலம்.

"அண்ணே, மங்குன நிறத்தைத் தூக்குற வைப்ரன்ஸ் எங்கண்ணே?"

"கலர் பேலன்ஸ் ஆர்ஜிபிக்குள்ள இருக்குடா."

"அதை ஏன் அங்க கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்காங்க?"

நியாயமான கேள்வி. திருத்தக் கருவிகளான மாட்யூல்களின் பட்டியல் அனுமார் வால். எங்களுக்கு வேண்டியவற்றை மட்டும் குவிக் ஆக்சஸில் போட்டு, முகூர்த்தத்துக்கு ஒரு ஸ்டைல் (திருத்தங்களின் தொகுப்பு), ரிசப்ஷனுக்கு ஒரு ஸ்டைல் சேமித்துக் கொடுத்தேன். எக்ஸ் கீயை அழுத்தினால் வரும் கல்லிங் திரையைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டான். குரூப் போட்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில் அவனுக்கு ஈடில்லை. கழிக்க வேண்டியதற்கு ஆர் கீ.

31 ஆகஸ்ட்

ஆவணிக் கல்யாணம் ஒன்று முழுக்க டார்க்டேபிளில் முடிந்தது. டினாய்ஸ் போட்ட (புள்ளி புள்ளியான இரைச்சலை நீக்கிய) படங்களை ஏற்றுமதி செய்யக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத இரண்டாவது கம்ப்யூட்டர் திணறுகிறது. அதில் இனி செலக்‌ஷன் மட்டும். லேபுக்கு வழக்கம்போல எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான வண்ண முறையில் ஜேபெக் போனது, பிரிண்டில் மாமியார் சேலையின் அரக்கு அரக்காகவே வந்திருக்கிறது.

ஆல்பம் டிசைனை மாற்றவில்லை. டிசைனரிடம் இருப்பவை எல்லாம் ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி டெம்ப்ளேட்டுகள்; கிம்ப் என்ற இலவச மென்பொருள் அவற்றைத் திறக்கிறது, ஆனால் எழுத்தும் எஃபெக்டும் இருந்தபடி வருவதில்லை. அவர் அவருடைய மென்பொருளிலேயே இருக்கட்டும். நான் ஜேபெக் கொடுத்தால் போதும் என்கிறார்.