மார்ஃபின் போட்ட அன்று மனசு லேசானது

கால் உடைந்து அறுவை சிகிச்சை முடிந்த அன்று மார்ஃபின் போட்டார்கள். வலி போனது சரி, நான் சொல்ல வந்தது அது இல்லை. நாலு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கனம் கொஞ்ச நேரத்தில் இறங்கிப் போய்விட்டது. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள், அந்த வாசனை நன்றாக இருந்தது. ஒரு வாசனை நன்றாக இருந்து எத்தனை காலம் ஆகியிருந்தது!

அதோடு ஒப்பிட்டால், மனச்சோர்வுக்கு நான் சாப்பிடும் செர்ட்ராலின் மாத்திரை எனக்குக் காட்டியது ரொம்பச் சுமார்தான். முதல் இரண்டு வாரம் குமட்டல், அரைகுறைத் தூக்கம். ஆறாவது வாரம் வாக்கில்தான் காலையில் எழுந்து பல் தேய்ப்பது ஒரு போராட்டமாக இல்லாமல் போனது. அப்புறம் ஏன் ஓபியாய்டையே, அதாவது மார்ஃபின் வகை மருந்தையே, மனச்சோர்வுக்குத் தரக்கூடாது என்று என் மனநல மருத்துவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அபினைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1950களில் இமிப்ரமின் மாதிரியான மனச்சோர்வு மருந்துகள் வந்த பிறகும், ஓபியாய்டால் மனச்சோர்வைக் குணப்படுத்தும் ஆசை முழுசாக விடவில்லை. பியூப்ரெனார்பின் என்ற ஓபியாய்டோடு, போதை ஏறாமல் தடுக்க சாமிடோர்ஃபன் என்ற இன்னொன்றைச் சேர்த்து ஒரு மாத்திரை செய்தார்கள். மற்ற மருந்து சரியாகக் கேட்காதவர்களுக்காக. 2018 நவம்பரில் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 21க்கு 2 என்ற கணக்கில் அதற்கு எதிராக வாக்களித்தது, ஆபத்தோடு ஒப்பிட்டால் பலன் போதாது என்று. அடுத்த வருஷம் அனுமதியும் கிடைக்கவில்லை. டியானெப்டின் கதை இன்னும் விசித்திரம். பிரான்ஸில் பல வருஷமாக மனச்சோர்வுக்கு எழுதித் தந்த மாத்திரை, அது மூளையில் மார்ஃபின் போய் ஒட்டி வேலை செய்யும் அதே இடத்தில்தான் (ஏற்பி என்பார்கள்) வேலை செய்கிறது என்று 2014இல்தான் வெளியே வந்தது. பல மடங்கு விழுங்கி அடிமையானவர்களும் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், ஓபியாய்டுக்கு உடம்பு சீக்கிரம் பழகிவிடும். நேற்றுப் போதுமானது இன்று போதாது, கூட்டிக்கொண்டே போனால் மூச்சு நிற்கும் அபாயம், நிறுத்தினால் மனசு முன்பு இருந்ததைவிடக் கீழே போகும். மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வருவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

செர்ட்ராலின் வகையறாவும் ஒன்றும் பத்தரை மாற்றுத் தங்கம் இல்லை. ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் முதல் மருந்திலேயே அறிகுறிகள் முழுக்கப் போனது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேருக்குத்தான். பட்டென்று நிறுத்தினால் தலைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும், ஒரு தடவை நானே பட்டேன். ஆனால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாமே என்று அந்த மாத்திரையைப் பார்த்து என் கை ஒருநாளும் பரபரத்ததில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது வலிக்கு டிராமடால் தந்திருந்தார்கள். அதுவும் ஓபியாய்டுதான், செர்ட்ராலினோடு சேர்ந்தால் செரடோனின் என்ற மூளை ரசாயனம் அளவுக்கு மீறி ஏறி ஆபத்தாகலாம் என்று மனநல மருத்துவர் உடனே நிறுத்தி வேறு வலி மாத்திரை எழுதினார். மிச்சத்தை மருந்துக்கடையில் ஒப்படைக்கக் கிளம்பினேன். பையில் போடும் முன் அட்டையைத் திருப்பி எண்ணிப் பார்த்தேன், ஆறு இருந்தது. கடை வாசலில் நின்று இன்னொரு தடவை எண்ணினேன்.