இடுப்பில் ஓர் ஊதாத் துணி

பழைய கிரேக்கர்களின் கடல் கடவுள் யார் என்று கேட்டால் எல்லோரும் போசைடன் என்பார்கள். புயலைக் கிளப்பிவிடுகிறவரும் அவரே, அதனால் அவரிடம் வேண்டிக்கொள்வது அடிக்கிற ஆளிடமே போய் அடிக்காதே என்று கெஞ்சுகிற கதைதான். எனக்குப் பிடித்தது சமோத்ராக்கி தீவின் ஏற்பாடு.

ஏஜியன் கடலின் வடக்கே, 1,600 மீட்டருக்கு மேல் மலை எழும்பி நிற்கும், நல்ல துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமில்லாத தீவு. அங்கே இருந்த தெய்வங்களைப் பெயர் சொல்லாமல் 'பெரிய கடவுள்கள்' என்றே அழைத்தார்கள். அவர்களிடம் தீட்சை வாங்கியவனைக் கடல் ஒன்றும் செய்யாது என்று நம்பிக்கை. ஆண், பெண், அடிமை, வேற்று நாட்டான், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். உள்ளே நடந்ததை வெளியே சொல்லக் கூடாது. வாங்கியதற்கு அடையாளமாக இடுப்பில் ஓர் ஊதாத் துணி, அவ்வளவுதான். கப்பல் உடைந்து தத்தளித்த ஒடிசியஸுக்கு லூக்கோத்தியா என்ற கடல் தேவதை தன் முக்காட்டைக் கொடுத்து மார்பில் கட்டிக்கொள்ளச் சொன்னாள் என்று ஹோமர் பாடியிருக்கிறார் இல்லையா, அதுவும் இந்தத் துணிதான் என்று பிற்கால உரைகாரர்கள் முடிச்சுப் போட்டார்கள். உரைகாரர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

பிழைத்து வந்தவர்கள் நேர்ந்துகொண்டபடி படங்களைக் கொண்டுவந்து கோயிலில் வைப்பார்கள். நாத்திகர் என்று பேர் வாங்கிய டியாகோரஸிடம் ஒரு நண்பர் அவற்றைக் காட்டி, "இத்தனை பேர் தப்பியிருக்கிறார்களே, இன்னுமா கடவுள் இல்லை என்கிறாய்?" என்று கேட்டாராம். "மூழ்கிப் போனவர்கள் யாரும் இங்கே படம் வைக்கவில்லையே" என்றாராம் அவர். ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதி வைத்த கதை.

சரியான பதில், மறுக்க முடியாது. ஆனால் ஏரியில் படகு சவாரி போனாலே கம்பியை விடாமல் பிடித்துக்கொள்கிற ஆள் நான், அந்தத் துணி கிடைத்தால் இரண்டாகவே கட்டிக்கொள்வேன். என் ஜாதி ஆள் ஒருவன் பழைய கிரேக்க எழுத்தாளர் தியோபிராஸ்டஸ் எழுதிய கோழையின் சித்திரத்தில் வருகிறான். தூரத்தில் கரைமேடு தெரிந்தால் கொள்ளையர் கப்பல் என்பான். கொஞ்சம் அலை அடித்ததும், தீட்சை வாங்காதவன் எவனாவது கப்பலில் இருக்கிறானா என்று விசாரிப்பான். அப்புறம் மாலுமியிடம் வானம் எப்படி இருக்கிறது என்று கேட்பான், பக்கத்தில் இருப்பவனிடம் தான் கண்ட கெட்ட கனவைச் சொல்லுவான், கடைசியில் சட்டையைக் கழற்றி அடிமையிடம் கொடுத்துவிட்டு, என்னைக் கரையில் இறக்கி விடுங்கள் என்று மன்றாடுவான்.