பதக்கங்களுக்கு மேலே ஒரு முகம்

ஊட்டி மலை ரயிலில் குன்னூரைத் தாண்டினால் வெலிங்டன் நிலையம் வரும். அந்தப் பெயருக்கு உரிய பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனை லண்டன் நேஷனல் கேலரி என்ற ஓவியக்கூடத்தில் ஓவியமாகப் பார்த்தேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலில் ட்ரஃபால்கர் சதுக்கத்துச் சிங்கங்களோடு படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தைக் கடப்பதுதான் பாடு.

ஓவியம் சிறியது. 64 செ.மீ. உயரம், 52 செ.மீ. அகலம், மகாகனிப் பலகையில் எண்ணெய் வண்ணம். தீட்டியவர் ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ கோயா. 1812 ஜூலையில் சலமாங்காவில் பிரெஞ்சுப் படையை முறியடித்து, ஆகஸ்டில் மாட்ரிட்டுக்குள் நுழைந்த கையோடு வெலிங்டன் அவர் முன் அமர்ந்தார். சிவப்புச் சீருடை, தங்கச் சரிகை, நட்சத்திரப் பதக்கங்கள், நெஞ்சின் குறுக்கே பட்டை நாடா. கழுத்துவரை வெற்றி வீரர்தான். கண்களோ தூக்கம் கெட்டவனுடையவை. அளவுக்கு மீறித் திறந்திருக்கின்றன. உதடுகள் சற்றே பிரிந்து பல் தெரிகிறது. பெரிய மனிதர்கள் ஓவியருக்கு முன்னால் உட்கார்ந்ததும் முதலில் இறுக மூடிக்கொள்வது வாயைத்தான். இவருக்கு அதுகூட முடியவில்லை. அப்போது வயது 43.

கோயாவுக்கு 66, காது கேட்காமல் போய் ஏறக்குறைய இருபது ஆண்டுகள். தளபதியின் குரலும் மிடுக்கும் அவரிடம் எடுபட்டிருக்காது, முகத்தை மட்டுமே நம்பியிருப்பார் என்று எனக்குப் பட்டது. புதிய விருதுகள் வந்தபோது பதக்கங்களைத் திருத்தினார். 1814-இல் மறுபடியும் திருத்தினார். மார்பில் மதிப்பு ஏறிக்கொண்டே போக, முகம் 1812-இன் களைப்போடு அப்படியே இருக்கிறது.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனவர்களுக்கு இந்த முகம் அவ்வளவு ஆச்சரியம் தராது. 1799 ஏப்ரலில் அங்கே சுல்தான்பேட்டைத் தோப்புக்குள் இரவில் படை நடத்திப் போய், இருட்டில் ஆட்கள் சிதறி, தோற்றுத் திரும்பியவர் இவர். மறுநாள் பகலில் தோப்பைப் பிடித்துவிட்டார் என்றாலும் அந்த இரவு அவரை உலுக்கியது. அடுத்த மாதம் திப்பு வீழ்ந்ததும் நகரமே இவர் பொறுப்பில் வந்தது.

இந்த ஓவியம் நாட்டைவிட்டுப் போகாமல் 1961-இல் 1,40,000 பவுண்டு கொடுத்துத் தக்கவைத்தார்கள். சுவரில் மாட்டிய சில வாரங்களில் களவு போனது! 1965-இல் பர்மிங்காம் ரயில் நிலையப் பொருள் காப்பறையில் கிடைத்தது. சரணடைந்த ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், பிரிட்டனில் தொலைக்காட்சி பார்க்கக் கட்டும் உரிமக் கட்டணம் முதியோருக்கு எதற்கு என்று கேட்டார். திரும்பி வராத சட்டகத்தைத் திருடியதற்கு மட்டும் தண்டனை. ஓவியத்தைத் திருடியதாக நிரூபணமாகவில்லை.

ஹைட் பார்க் முனையில் வெலிங்டன் வாழ்ந்த ஆப்ஸ்லி ஹவுஸுக்கும் போனேன். அங்கே தாமஸ் லாரன்ஸ், நெப்போலியனை வீழ்த்திய வாட்டர்லூ வெற்றிக்குப் பின் அவரைத் தீட்டிய ஓவியம் இருக்கிறது. மார்பின் குறுக்கே மடித்த கைகள், உறுதியான தாடை, மூடிய வாய். 'இரும்புப் பிரபு' என்ற பட்டத்துக்குப் பொருந்தும். கைத்திறனில் குறையில்லை, அந்த மனிதரிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. ஒரு வெலிங்டனுக்குத்தான் நேரம் என்றால் கோயாவிடம் போங்கள். நேஷனல் கேலரி வெள்ளிக்கிழமைகளில் இரவு 9 மணிவரை திறந்திருக்கும்.