பலனைப் பார்த்துப் பணமா?

தொண்டு நிறுவனங்களுக்கு அவை காட்டும் பலனைப் பார்த்துத்தான் நிதி கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தலையாட்டத்தான் தோன்றும். உருக்கமான ஒரு படத்தையும் நாலு வரிக் கதையையும் வைத்தே பணம் திரட்டிவிட்டு, அப்புறம் என்ன ஆனது என்று வாயே திறக்காத அமைப்புகளும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் வேலையில்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் டோனர்களுக்கு, அதாவது நிதி கொடுப்பவர்களுக்கு, ரிப்போர்ட் எழுதிப் பிழைத்த பிறகு, அவ்வளவு வேகமாகத் தலையாடுவதில்லை.

எங்கள் எக்செல் ஷீட்டில் டோனர் பார்ப்பது ஒரே ஒரு கட்டத்தை: வேலையில் சேர்ந்து மூன்று மாதம் நீடித்தவர்கள் எத்தனை பேர். அடுத்த தவணை அதைப் பொறுத்தது. யாரும் உத்தரவு போடவில்லை, ஆனாலும் நேர்காணலில் கேட்கும் கேள்விகள் மெல்ல மாறின, "என்ன கத்துக்க ஆசை?" என்று ஆரம்பித்த இடத்தில் "குழந்தையைப் பார்த்துக்க வீட்ல ஆள் இருக்காங்களா, போன வேலையை ஏன் விட்டீங்க?" வந்தது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் சொன்னார். அவர் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் 'அடுத்த பேட்ச்' என்று எழுதினார்கள். அடுத்த பேட்சிலும் அதையே எழுதினார்கள். நாங்கள் இல்லாவிட்டாலும் வேலை கிடைத்திருக்கக் கூடியவர்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது, எண்கள் ஏறின, டோனருக்கும் சந்தோஷம்.

இது எங்கள் கோளாறு மட்டும் இல்லை. அமெரிக்காவின் 1982 வேலைப் பயிற்சிச் சட்டம், பிரிட்டனில் 2011-இல் தொடங்கிய வேலைத் திட்டம் இரண்டிலும், சுலபமாக வேலை கிடைக்கக் கூடியவர்களையே பொறுக்கி எடுக்கிறார்கள் என்ற இதே குற்றச்சாட்டு எழுந்தது.

அதற்காக அளக்கவே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. ராஜஸ்தானில் 2015 முதல் 2018 வரை, பெண் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்கும் 'எஜுகேட் கேர்ள்ஸ்' அமைப்பின் வேலைக்கு முன்பணம் போட்டது ஒரு அறக்கட்டளை. இலக்கை எட்டினால் அதைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டது இன்னொன்று. அளந்தது இவர்கள் யாரையும் சேராத ஒரு நிறுவனம். திட்டம் இல்லாத கிராமங்களின் பிள்ளைகளோடு ஒப்பிட்டே கற்றல் முன்னேற்றத்தைக் கணக்கிட்டார்கள், அதனால் தானாக நடந்திருக்கக் கூடிய முன்னேற்றத்துக்குக் காசு கிடையாது. முதல் இரண்டு வருடம் பின்தங்கிய அந்த அமைப்பினர், மூன்றாவது வருடம் வேலை செய்யும் முறையை மாற்றி, கடைசியில் கற்றல் இலக்கில் 160 சதவீதத்தைத் தொட்டார்கள். எங்களுக்கோ பட்ஜெட்டில் ஒரு வரியை மாற்றவே கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். (சரி, அப்படி அளக்கச் செலவும் ஆகும், சின்ன அமைப்புகளுக்குக் கட்டுப்படியாகாது.)

சேர்க்காமல் விட்டவர்களுக்கும் ஷீட்டில் ஒரு கட்டம் போடலாம் என்று மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தேன். "டோனர் கேட்கலையே" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தக் கட்டம் வந்தால் எங்கள் எண் இறங்கும், பக்கத்து நிறுவனத்துக்கு இறங்காது. டோனர்தான் எல்லோரிடமும் அதைக் கேட்க வேண்டும், கைக்குழந்தையோடு வருபவரைச் சேர்த்தால் கூடுதல் தொகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதவும் வேண்டும்.