கிணற்றுநீரும் வாராந்தப் பதிவும்

யாழ்ப்பாணத்தில் தொழில் செய்யும் பலருக்கு லிங்க்ட்இன் கணக்கு இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை வேலைக்கு விண்ணப்பித்த காலத்தில் திறக்கப்பட்டு, பட்டமளிப்பு விழாப் படத்துடன் அப்படியே கிடப்பவை. புதிய பதவி கிடைத்தால் ஓர் அறிவிப்பு, புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து, பிறகு நீண்ட மௌனம். தனியார் நீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் இரசாயனவியலாளராகப் பணியாற்றும் நான், சில ஆண்டுகளாக அத்தளத்தில் வாரம் ஒரு பதிவு இடும் ஒழுங்கைக் கடைப்பிடித்து வருகிறேன். அது எப்படி நிலைத்தது என்று கேட்கும் இளையவர்களிடம், நான் என்னைப் பற்றி எழுதுவதில்லை, கிணற்றுநீரைப் பற்றி எழுதுகிறேன் என்றுதான் சொல்கிறேன். தன்னைப் பற்றி எழுத முனைபவருக்குச் சில வாரங்களிலேயே சொல்வதற்கு ஏதும் இல்லாமற் போகும். நாள்தோறும் கையாளும் பொருளைப் பற்றி எழுதுபவருக்கு அந்த நிலை வருவதில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழில்சார் சமூக ஊடகத்தில் எழுதுவது பற்றிய ஆலோசனைகளில் பெரும்பாலானவை, உங்களை நீங்களே விளம்பரப்படுத்துங்கள் என்றே தொடங்குகின்றன. தன் பெருமையைத் தானே பேசுவது சிறுமை என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு அந்த இடத்திலேயே கை கூசிவிடுகிறது. அந்தக் கூச்சத்தைத் துடைத்தெறிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை; அது நல்ல கூச்சம். அதை வைத்துக்கொண்டே எழுதக்கூடிய வழி வேண்டும். தொழிலறிவை ஒழுங்கான கால இடைவெளியில் ஊராருக்கு எடுத்துச் சொல்வது இந்த மண்ணுக்குப் புதிய பழக்கமும் அன்று. 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய உதயதாரகை, தமிழிலும் ஆங்கிலத்திலும் மாதம் இருமுறை வெளிவந்தது. குறித்த நாளில் குறித்த பக்கங்களை நிரப்பித் தருவதென்பது அன்றைக்கே இங்கு சிலருடைய அன்றாட வேலையாக இருந்தது.

எழுதுவதற்கான பொருள் எனக்குக் கிடைப்பது எங்கள் கூடத்தின் கருமபீடத்தில்தான். பரிசோதனை அறிக்கையைப் பெற வருபவர்கள் எண்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவதில்லை, கேள்வி கேட்கிறார்கள். அக்கேள்விகளை எழுதி வைப்பதற்கென்று கருமபீடத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. வலிகாமத்தில் வெங்காயம் பயிரிடும் வயதான ஒருவர் தம் கிணற்றின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளை, தண்ணியை நல்லாக் கொதிக்க வைச்சால் இந்த நைத்திரேற்று போயிடும்தானே?" என்று கேட்டார். வீட்டில் கைக்குழந்தை இருப்பதாகவும், அதற்குப் புட்டிப்பால் கரைப்பதற்கு அந்தக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே எடுப்பதாகவும் சொன்னார். போகாது என்பதே விடை. கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும். நைத்திரேற்று நீரில் கரைந்திருக்கும் உப்பு; அது நீரிலேயே தங்கிவிடும். நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்று வகுத்திருக்கும் வழிகாட்டு அளவு, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட நீர் அக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குறைத்து, உடல் நீலம் பாரிக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லக்கூடும்.

அன்று மாலை எழுதிய பதிவு அந்த ஒரு கேள்வியையும் அதற்கான விடையையும் மட்டுமே கொண்டிருந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் நாம் குடிப்பது சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் தேங்கி நிற்கும் மழைநீரையே. அதற்கு மேலுள்ள செம்மண்ணில் இடப்படும் யூரியாவும் மாட்டெருவும், கிணற்றுக்கு அருகே அமைந்த மலக்குழியின் கசிவும் மழையோடு அந்தக் கல்லுக்குள் இறங்குகின்றன. கிணற்று நைத்திரேற்று அவற்றிலிருந்து வருவதே. இவ்வளவையும் நான் பட்டப்படிப்பில் படித்திருந்தேன். இருந்தும், குழந்தைக்குப் பால் கரைக்கும் நீரைப் பற்றிய கேள்வியாக அது வந்தபோதுதான் எங்கே தொடங்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பது தெளிவாயிற்று. பதிவைப் படித்த குடும்பநல மருத்துவ மாது ஒருவர், தாய்மாரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு வரிகளில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

பொருள் கிடைத்துவிட்டால் பழக்கம் தானாக வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அதற்கு நேரமும் இடமும் வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் நுண்ணுயிர்ப் பரிசோதனைக்கான மாதிரிகளை வடிகட்டி, பெத்திரிக் கிண்ணங்களை, கிருமிகள் வளர இதமான சூட்டில் வைக்கும் இன்கியுபேட்டருக்குள் அடுக்கிக் கதவை மூடியபின், மறுநாள் எண்ணும்வரை அவற்றில் கைவைக்க வேலை இல்லை. கையுறையைக் கழற்றி, கை கழுவி, மேசைக்கு வந்ததும் கொப்பியைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். வாரம் ஒருமுறை எப்போதாவது எழுதுவேன் என்று நினைப்பதற்கும், இன்கியுபேட்டர்க் கதவை மூடியதும் எழுதுவேன் என்று முடிவு செய்வதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. பின்னதில், இன்றைக்கு எழுதுவதா என்ற யோசனைக்கே இடம் இல்லை. ஏற்கெனவே கை பழகிய ஒரு வேலையின் வாலில் புதிய வேலையைக் கட்டிவிடுவதால், நினைவுபடுத்தும் பொறுப்பைப் பழைய வேலையே ஏற்றுக்கொள்கிறது.

பழக்கம் ஊன்ற எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு 21 நாட்கள் என்ற கணக்கைப் பலரும் சொல்வார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. நாள்தோறும் செய்யும் ஒரு சிறு செயல் தன்னியக்கமாக மாறுவதற்கு இடைநிலை அளவாக 66 நாட்கள் எடுத்தன. ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப்பட்டது, இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்ற முடிவு. அவர்கள் ஆராய்ந்தவை மதிய உணவோடு ஒரு பழம் உண்பது போன்ற எளிய செயல்கள். வாரத்துக்கு ஒருமுறை எழுதுவது அதைவிடக் கடினமானது. பயிற்சிக்கான வாய்ப்பும் குறைவு. ஆகவே இரண்டு மாதத்தில் கைவரவில்லையே என்று கவலைப்படுபவர்கள் ஓர் ஆண்டையேனும் தங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு வாரம் தவறினால், அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் எழுதினால் போதும். விட்டதை ஈடுசெய்ய ஒரே நாளில் இரண்டு பதிவு போடத் தேவையில்லை.

இந்த உழைப்பினால் என்ன கிடைக்கும் என்று கேட்பதும் நியாயமே. எங்கள் ஊரில் வேலை பற்றிய செய்தி வந்து சேரும் வழிகள் சில: உறவினர், பழைய மாணவர் சங்கம், கூடப் படித்தவர்கள். அவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகையால் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கும் தெரியும். தெரியாதது எவருக்கும் தெரியாது. நெருங்கிய உறவுகளைவிட மேலோட்டமான பழக்கங்களே புதிய செய்தியைக் கொண்டுவருகின்றன என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973இல் எழுதினார். லிங்க்ட்இன் பயனர்கள் ஏறத்தாழ 2 கோடிப் பேரின் ஐந்தாண்டுத் தரவுகளை வைத்து நடத்தப்பட்டு, 2022இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளியான ஆய்வும், வேலை மாற்றத்துக்கு மிக உதவுபவை மிதமான அளவில் தளர்ந்த தொடர்புகளே என்று கண்டது. நம்மை நன்றாகத் தெரிந்தவருக்கு நம் பதிவு தேவையில்லை. ஒருமுறை மட்டும் சந்தித்தவருக்கு, நாம் என்ன வேலை செய்கிறோம் என்பதை நினைவில் வைத்திருக்கச் செய்வது அந்தப் பதிவுதான்.

என் அனுபவமும் அதையொட்டியதே. நீரின் வன்மை (அதில் கரைந்துள்ள கல்சிய, மக்னீசிய உப்புகளின் அளவு) பற்றிய பதிவொன்றைப் பார்த்து, அநுராதபுரப் பக்கம் நீர் சுத்திகரிப்பு நிலையங்களைப் பராமரிக்கும் ஒருவர் எழுதினார். சிறுநீரக நோய் பரவிய அப்பகுதியில் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில், அதாவது நீரை அழுத்தி நுண்ணிய சவ்வினூடாகச் செலுத்தி, சுத்திகரிக்கும்போது கழிவாக வெளியேறும் உப்புச் செறிந்த நீரை என்ன செய்வது என்பது அவருடைய சிக்கல். சுண்ணக்கல் நிலத்தில் அதை மண்ணுக்குள் விட்டால் எங்கே போய்ச் சேரும் என்பது எங்களுடைய சிக்கல். இப்போது இருவரும் அளவீடுகளைப் பரிமாறிக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்துக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இவரைச் சந்தித்திருக்க வழியே இல்லை.

எழுதும் முறையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கைத்தொலைபேசியில் பதிவின் முதல் சில வரிகளே தெரியும். மீதியைப் பார்க்க ஒருமுறை தட்ட வேண்டும். எனவே வணக்கத்தையும் பீடிகையையும் விட்டுக் கேள்வியை முதல் வரியிலேயே வைக்கிறேன். ஒரு பதிவுக்கான உச்சவரம்பு 3,000 எழுத்துக்குறிகள். தமிழில் 'கு' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் யுனிகோட் முறையின் கணக்கில் ககரமும் உகரக் குறியுமாக இரண்டு. ஆகையால் தமிழில் எழுதும்போது நாம் எண்ணுவதைவிட விரைவாகவே இடம் நிரம்பிவிடும். நான் ஒரு வாரம் தமிழிலும் மறு வாரம் ஆங்கிலத்திலும் எழுதுகிறேன். தமிழ்ப் பதிவுக்குப் பார்வைகள் குறைவாக இருக்கலாம். கிணறு வைத்திருப்பவர்களின் கேள்விகள் அதற்குத்தான் வருகின்றன.

படம் போடுவதாயிருந்தால் வேலையின் படத்தையே போட வேண்டும். வன்மையை அளக்கும் நியமிப்பில், அளவி என்னும் அளவுக்குழாயிலிருந்து கரைசலை ஒவ்வொரு துளியாக விடும்போது குடுவையிலுள்ள நீர் திராட்சைச் சிவப்பிலிருந்து ஊதாவாகி, முடிவுப் புள்ளியில் ஒரே துளியில் தெளிந்த நீலமாகிவிடும். அந்த மூன்று நிலைகளையும் வெள்ளைத் தாளின் மேல் வரிசையாக வைத்து எடுத்த படத்தைக் கண்டு, க.பொ.த. உயர்தர மாணவர்கள் பலர் செய்முறை பற்றிக் கேட்டு எழுதினார்கள். விருது வாங்கிய படத்துக்கு வாழ்த்து வரும், கேள்வி வராது.

எங்கள் தொழிலில் ஒரு கண்டிப்பான எல்லையும் உண்டு. அறிக்கை வாடிக்கையாளருக்கு உரியது. பெயரைச் சொல்லாமல் விட்டால் மட்டும் போதாது. ஒரு சிறு ஊரின் பெயரையும் பயிரையும் சேர்த்துச் சொன்னாலே அயலவர்கள் கிணற்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆதலால் வலிகாமம், தென்மராட்சி என்று குடாநாட்டின் பெரும் பகுதிகளின் பெயரளவோடு நிறுத்துகிறேன், வாடிக்கையாளரின் அளவீட்டை எழுதுவதில்லை, முகாமையாளர் ஒருமுறை வாசித்த பின்னரே வெளியிடுகிறேன். இது வேகத்தைக் குறைக்கிறது என்று சிலர் சொல்வர். வாரம் ஒரு பதிவுக்கு அந்த வேகம் போதும்.

பார்வைகளின் எண்ணிக்கையை நான் மாத முடிவில் மட்டுமே பார்க்கிறேன். வெளியிடும் நேரத்தை மட்டும் யோசித்து வைத்திருக்கிறேன்: இங்கு மாலை ஏழு மணி என்றால் கோடையில் இலண்டனில் பிற்பகல் இரண்டரை, ரொறன்ரோவில் காலை ஒன்பதரை. புலம்பெயர்ந்தவர்களில் பலருக்கு ஊரில் இன்னும் ஒரு வளவும் கிணறும் இருக்கின்றன. மாமாவின் கிணற்றைப் பரிசோதிக்க என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

பதிவுகள் எல்லாவற்றுக்கும் கூடத்தின் கணினியில் ஒரு பிரதி வைத்திருக்கிறோம். 2003இல் சேவையைத் தொடங்கிய லிங்க்ட்இன் 2016இல் மைக்ரோசொப்ட் வசமாயிற்று. இனியும் எதுவும் மாறலாம். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி முகநூலும் வாட்ஸ்அப்பும் நாடு முழுவதும் பல மணித்தியாலங்கள் முடக்கப்பட்டதையும் பார்த்தோம். அந்தப் பிரதிகளைத்தான் இப்போது புதிதாகச் சேரும் உதவியாளர்களுக்கு முதல் வாரத்தில் வாசிக்கக் கொடுக்கிறோம். அண்மையில் சேர்ந்த தங்கை ஒருத்தி நைத்திரேற்றுப் பதிவை வாசித்துவிட்டு, "அக்கா, அப்ப வடிகட்டிற பில்டர் பூட்டினால் போகுமோ எண்டும் எழுதியிருக்கலாமே?" என்று கேட்டாள். சாதாரண வீட்டு வடிகட்டிகளும் கரி வடிகட்டிகளும் நைத்திரேற்றை அகற்ற மாட்டா. நைத்திரேற்றைப் பிடித்துக்கொண்டு வேறோர் உப்பை நீரில் விடும் அயன் பரிமாற்றமோ எதிர்ச் சவ்வூடுபரவலோ வேண்டும். அந்தக் கேள்வியைக் கொப்பியில் அவளையே எழுதச் சொன்னேன். வரும் செவ்வாய்க்கிழமைக்கான பதிவை அவள்தான் எழுதுகிறாள்.